ஓர் ஊசிக்காக நான்கு நாள்

முதல் நாள், வெள்ளிக்கிழமை

இசைத்தட்டு போட்டுக் கேட்கும் பெரியப்பாவின் பெட்டி பிளேயர் வாய் திறந்து ஐந்து மாதம் ஆகிறது. ஊசி போய்விட்டது. இணையத்தில் படத்தைப் பார்த்து ஒன்று வாங்கினேன். வந்தது, பொருந்தவில்லை. விற்றவருக்கு மூன்று முறை எழுதியும் பதில் இல்லை. காசு போனதுகூடப் பரவாயில்லை. பொட்டலம் வந்த அன்று பெரியப்பா குளித்துவிட்டு, கோயிலுக்குப் போகும் சட்டையைப் போட்டுக்கொண்டு பிளேயருக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். அதைத்தான் மறக்க முடியவில்லை.

சரி, நேரிலேயே போய் வாங்கிவிடலாம் என்று கிளம்பிவிட்டேன். திங்கட்கிழமைக்கும் விடுப்பு சொல்லியாயிற்று. இதை எழுதும்போது கோலாலம்பூரில் அக்கா வீட்டு வரவேற்பறையில் இருக்கிறேன்.

புறப்படும்போது பெரியப்பா பிளேயரின் ஊசி மாட்டும் கைத்தலையைக் கழற்றி, பஞ்சில் சுற்றி, கோடாலித் தைலம் வந்த அட்டைப்பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார். "கையிலயே வச்சுக்க பாப்பா, பைக்குள்ள போடாத" என்றார். எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையம் வரை அந்தப் பெட்டி என் மடியில்தான் இருந்தது. பஞ்சில் இன்னும் தைல வாசம்.

பெரியப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். விடிவதற்கு முன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய், மதியம் வரை பால்மரம் வெட்டி, ஸ்டோரில் பால் நிறுத்துவிட்டு வந்த பிறகு அவருக்கு இன்னொரு வேலை இருந்தது. கூட்டாளிகள் இரண்டு பேரோடு சேர்ந்து சவுண்ட் சர்வீஸ் நடத்தினார். இரண்டு குழாய் ஒலிபெருக்கி, ஒரு வால்வு ஆம்பிளிபயர், இந்தப் பிளேயர், மரப்பெட்டி நிறையப் பிளேட்டு. இசைத்தட்டு என்று நான் எழுதலாம், எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. பிளேட்டுதான். கல்யாணம், சடங்கு, மாரியம்மன் திருவிழா, எதுவாக இருந்தாலும் முதல்நாள் சாயங்காலம் மரத்தில் குழாய் கட்டிப் பாட்டு போட்டுவிட்டால் ஊருக்கே சேதி போய்விடும்.

அவரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு பிளேட்டுக்கும் ஓர் எண், பாட்டின் முதல் வரி, கடைசியில் ஒரு குறிப்பு. "கீறல்", "மூன்றாவது பாட்டு எத்தும்", "கல்யாண வீட்டில் போடக் கூடாது." சோகப் பாட்டுகளுக்கெல்லாம் சிவப்பு மையில் இந்தக் கடைசிக் குறிப்பு இருக்கும். எண் 213 வரை போகிறது.

மிச்சம் இருப்பது 12. தோட்டம் விற்கப்பட்டு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களைக் காலி செய்யச் சொன்ன அவசரத்தில், பெரியம்மாவும் உடம்பு முடியாமல் கிடந்த நேரத்தில், மரப்பெட்டி அப்படியே லாரி ஏறிவிட்டது. "சூராட் காபார் லாமா" என்று கூவிக்கொண்டு பழைய பேப்பர் வாங்க வருமே, அந்த லாரி. யாரையும் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு வேண்டியது சட்டி பானையும் பிள்ளைகளின் பள்ளி உடுப்பும்தான்.

ரயில் ஈப்போவைத் தாண்டிச் சுண்ணாம்பு மலைகள் பின்னால் போய்க்கொண்டிருந்தபோது ஒன்றைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கொலம்பியா நிறுவனம் எல்பி இசைத்தட்டை நியூயார்க்கில் அறிமுகப்படுத்தியது 1948 ஜூன் மாதம். அதே ஜூன் 16-இல்தான் எங்கள் ஊரை ஒட்டிய தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார துரைகள் சுடப்பட்டார்கள். எல்பில் தோட்டத்தின் பெயர் அப்போதுதான் உலகச் செய்தியில் வந்தது. சில நாளில் மலாயா முழுக்க அவசரகாலம், அது 1960 வரை நீண்டது. எங்கள் ஊரில் 1948 என்றால் துப்பாக்கிதான் நினைவுக்கு வரும். பெரியப்பா பிறந்ததும் அந்த வருஷம்தான். ஒரு பக்கத்தில் இருபது நிமிஷத்துக்கு மேல் பாடும் தட்டும் அவரும் ஒரே வயது.

இரண்டாம் நாள், சனிக்கிழமை

கேஎல் சென்ட்ரலிலிருந்து எல்ஆர்டி நகர ரயில். பங்சார், அப்துல்லா ஹுக்கும், கெரிஞ்சி, யுனிவர்சிட்டி, அடுத்தது தாமான் ஜெயா. இறங்கினால் பக்கத்திலேயே அம்கோர்ப் மால். சனி ஞாயிறுகளில் இங்கே பழைய பொருள் சந்தை கூடும். இனாமல் தட்டு, சாவி கொடுக்கும் கடிகாரம், வாழைமரம் போட்ட ஜப்பான் காலத்துப் பத்து டாலர் நோட்டு என்று விரித்து வைத்திருக்கிறார்கள். பாட்டிக்கு அந்த நோட்டு என்றாலே ஆகாது. நானும் நிற்காமல் நடந்தேன்.

நான் தேடிப் போன பிளேட்டுக் கடை லயத்து வீட்டில் இரண்டு அறை அளவுதான் இருக்கும். ஒரே ஆள் நடத்தும் கடை. அறுபது வயதுச் சீன அங்கிள். சுவர் முழுக்க மலாய் பாப் யே யே, பி. ரம்லி, தெரேசா தெங், ஆங்கில ராக். நனைந்து காய்ந்த அட்டையின் வாசம். மூலையில் ஒரு பிளேயரும் காதொலிப்பானும் வைத்திருக்கிறார். யார் வேண்டுமானாலும் போட்டுக் கேட்கலாம், வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்து எடு என்று மலாயில் எழுதி ஒட்டியிருப்பதுதான் ஒரே கட்டளை.

தைலப் பெட்டியை மேசைமேல் வைத்தேன். அவர் திறந்து முகர்ந்து பார்த்துச் சிரித்தார். பிறகு விளக்கை இழுத்து, கடிகாரக் கடைக்காரர்கள் கண்ணில் மாட்டுவார்களே அந்தக் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். நானும் பார்த்தேன். கூராக இருக்க வேண்டிய முனை, ஒடிந்த பென்சில் போல மொட்டையாக இருந்தது.

இந்த வகை ஊசிக்கு இரண்டு முனை உண்டு. சின்னக் கம்பியைத் திருப்பினால் ஒரு பக்கம் எழுபத்தெட்டுக்கு, மறு பக்கம் எல்பிக்கும் நாற்பத்தைந்துக்கும். நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்பதுதான் அந்த எண். எழுபத்தெட்டின் பள்ளம் எல்பியின் பள்ளத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். மெல்லிய ஊசியை அதில் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் கிடந்து தூசியைத்தான் கிளறும், தடித்த ஊசியை எல்பியில் வைத்தாலோ பள்ளமே பாழ். இணையத்தில் வாங்கியதில் ஒரு முனைதான் இருந்தது. பெரியப்பாவின் பன்னிரண்டில் மூன்று, பெரிய கங்காணி வீட்டு கிராமபோனோடு வந்த, எழுபத்தெட்டில் சுழலும் அரக்குத் தட்டுகள். அதனால் எனக்கு இரண்டு முனையும் வேண்டும்.

அங்கிள் ஓர் இழுப்பறையைத் திறந்தார். தீப்பெட்டி அளவுப் பெட்டிகள் நூற்றுக்கணக்கில். ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்துப் பார்த்து நான்காவது பொருந்தியது. தன்னிடமிருந்த அரக்குத் தட்டு ஒன்றை எடுத்து விரல் நுனியால் தட்டிக் காட்டினார், பீங்கான் போலக் கிண்ணென்றது. பிளாஸ்டிக் தட்டில் இந்த ஓசை வராது. ஊசியை இறக்கினார். சோளம் பொரிவது போன்ற இரைச்சலுக்கு நடுவே யாரோ ஒரு சீனப் பெண் பாடினார். வேலை செய்கிறது! 45 வெள்ளி (ரிங்கிட்).

வந்த வேலை முடிந்தது. ஆனால் கிளம்ப மனம் வரவில்லை. தமிழ்ப் பிளேட்டு இருக்கிறதா என்று கேட்டேன். மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்துவிட்டார். "இந்தியா" என்று மலாயில் எழுதியிருந்தது. உள்ளே இந்தியும் தமிழும் தெலுங்கும் கலந்து கிடந்தன. எம்.எஸ்.வி. இசையமைத்த படத் தட்டுக்குப் பின்னால் கஜல், அதற்குப் பின்னால் சீர்காழி கோவிந்தராஜனின் பக்திப் பாடல். அவரால் எழுத்தைப் படிக்க முடியாது, பாவம், என்ன செய்வார்? ஆனாலும் எனக்குத் தாங்கவில்லை. இந்த நாட்டில் எத்தனை திருவிழாவை இந்தக் குரல்கள் எழுப்பியிருக்கின்றன! அவற்றுக்குக் கடையில் ஒரு தனி அடுக்குகூட இல்லாமல் காலடியில் கிடப்பதா? நான் பிரித்துத் தரட்டுமா என்று கேட்டேன். அவர் ஒரு சின்ன முக்காலியைத் தள்ளிவிட்டார்.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பிரித்தேன். நான் படத்தின் பெயரையும் பாடியவர் பெயரையும் படிக்கப் படிக்க, அவர் மலாய்க்காரர்கள் ரூமி என்று சொல்லும் ஆங்கில எழுத்தில் சீட்டில் எழுதி ஒட்டினார். பாதியில் ஒரு தமிழ்ப் பெரியவர் வந்தார். ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர், டி.எம். சௌந்தரராஜன் பாட்டு மட்டும் சேர்க்கிறவர். நான் படிப்பதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "எந்தத் தோட்டம்மா நீங்க?" என்றார். எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை. சொன்னேன். தோட்டம் இப்போது இல்லை என்றதும் தலையாட்டினார். அவருடையதும் இல்லையாம். ரவாங் பக்கம், வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. பிறகு அவரும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

பெட்டியின் அடிப்பக்கம் வரும்போது ஒரு நாற்பத்தைந்து கைக்கு வந்தது. ஏழு அங்குலம், நான்கு பாட்டு, எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள். எச்.எம்.வி.யின் நாய் படம். உறையின் அடியில் டம்டம், இந்தியா என்ற அச்சு. கல்கத்தா பக்கத்து டம்டம் ஆலையில் அழுத்தி, கப்பலேறி வந்தது. உறை மூன்று பக்கமும் கிழிந்து பழுப்பு நாடா ஒட்டியிருந்தது. பிளேட்டை வெளியே எடுத்தேன். நடுத்தாளில் ஊதா மையில் ஒரு ரப்பர் முத்திரை. பாதி அழிந்துவிட்டது. மிச்சம் படிக்க முடிந்தது இவ்வளவுதான்: "சவுண்ட் சர்வீஸ், சுங்கை சிப்புட் (யு)". அதன் கீழே பேனாவில் எண் 88.

பெரியவர் என்னைப் பார்த்து, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை.

அங்கிளுக்குச் சொன்னபோது அவரும் வாங்கிப் பார்த்தார். ஈப்போவில் பழைய சாமான் வாங்கும் ஒருவரிடமிருந்து கட்டாக வந்ததாம். ஈப்போ ஆளுக்கு லாரிக்காரர்கள் கொடுத்திருப்பார்கள். 35 வெள்ளி என்றிருந்த சீட்டைக் கிழித்துவிட்டு இருபது மட்டும் வாங்கிக்கொண்டார். கிழியாத பிளாஸ்டிக் உறை ஒன்றும் போட்டுக் கொடுத்தார்.

பெரியப்பாவுடைய பிளேட்டு திரும்பக் கிடைத்துவிட்டது! போனில் சொல்லப் போவதில்லை. அவர் இணையம் பார்ப்பதில்லை என்பதால்தான் இங்கே எழுதுகிறேன்.

மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை

காலையில் இந்தியக் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ். அக்காவுக்கு மல்லிகைப்பூ வாங்க வேண்டியிருந்தது. முன்பெல்லாம் இங்கே வந்தால் கேசட் கடைகள் ஒன்றோடொன்று போட்டி போட்டுப் பாடும். இன்று நான் பார்த்தவரை பூஜைச் சாமான் கடை ஒன்றின் ஓரத்தில் சிடி கொஞ்சம் இருந்தது, அவ்வளவுதான்.

இந்தத் தெருவின் பெயர் ஜாலான் துன் சம்பந்தன். அவர் எங்கள் ஊர்க்காரர், 1919-இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலத்தில், தொழிலாளர்களிடமே பங்கு சேர்த்துத் தோட்டம் வாங்குவதற்காக 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர். தாத்தாவும் ஒரு பங்கு வாங்கியிருந்தார். எங்கள் தோட்டத்தை அந்தச் சங்கம் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் மரப்பெட்டி இன்னும் லயத்தில் இருந்திருக்குமோ என்று பெயர்ப்பலகையைப் பார்த்தபோது தோன்றியது.

மதியம் ரயில். பிளேட்டை மடியில் படுக்க வைக்காமல் நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்தேன். படுக்க வைத்து ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் நாளடைவில் வளைந்துவிடும். நம் ஊர் வெயிலில் காருக்குள் ஒரு மணி நேரம் விட்டாலும் அதே கதிதான். நிலையத்துக்குக் கூப்பிட வந்த தம்பி போகிற வழியில் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் நிறுத்தட்டுமா என்றான். வேண்டாம், நேரே வீட்டுக்குப் போ என்றேன்.

பெரியப்பா தூங்கிவிட்டார். நாளைக்குத்தான்.

நான்காம் நாள், திங்கட்கிழமை

சனிக்கிழமை நான் எழுதியதில் ஒரு தவறு இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

காலையில் முதலில் பிளேட்டைக் கழுவினோம். காய்ச்சி வடித்த தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, பழைய பருத்தி வேட்டித் துணி. பள்ளம் போகிற திசையிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும், குறுக்கே போகக் கூடாது. நடுத்தாள் நனையாமல் பெரியப்பா ஒரு மங்கைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தார். ஆமாம், பால் பிடிக்கும் மங்குதான், வீட்டில் இன்னும் நான்கைந்து இருக்கிறது. பூஞ்சை கரைந்து தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்தது. இந்த ஈரக் காற்றில் பிளேட்டுக்கு முதல் எதிரி பூஞ்சைதான். அரக்குத் தட்டைத் துடைக்க ஸ்பிரிட்டை மட்டும் தொடாதீர்கள், அரக்கு கரைந்துவிடும்.

அதுவரை நான் எதுவும் சொல்லவில்லை. உலர்ந்த பிறகு நடுத்தாளைத் திருப்பி அவர் பக்கம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஊதா முத்திரையின்மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாக நகர்த்தினார். ரொம்ப நேரம் பேசவில்லை.

"இது நம்மளுது இல்ல பாப்பா."

எனக்குப் புரியவில்லை. அவர் அறைக்குள் போய் மிச்சமிருந்த பன்னிரண்டில் ஒன்றை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். அதில் கறுப்பு மை, வட்ட முத்திரை. இதில் ஊதா, நீள்வட்டம்.

"நம்மளுது வட்டம். இது கீழ் டிவிஷன் சவுண்டுக்காரரோடது."

கீழ் டிவிஷன் என்ற தோட்டப் பிரிவில் இருந்த அவரைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை. பெரியப்பா சொல்லச் சொல்லத்தான் தெரிந்தது. அந்த வட்டாரத்தில் இவர்கள் இரண்டு பேர்தான். ஒரே திருவிழாவுக்கு இரண்டு தோட்டத்திலும் குழாய் கட்டினால், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்துப் பாட்டு ஜெயிக்கும். ஒரு வருஷம் எங்கள் தோட்டத்தில் தீமிதி. அம்மன் பாட்டு நல்லதாக ஒன்று வேண்டும். இவரிடம் இருந்தது கீறல் விழுந்துவிட்டது. கீழ் டிவிஷன்காரர் ஈப்போவிலிருந்து ஈஸ்வரி பிளேட்டு புதிதாக வாங்கி வந்திருக்கிறார் என்று தெரிந்து, பெரியப்பா தானே சைக்கிளில் போய் ஒரு நாளைக்கு இரவல் கேட்டிருக்கிறார். அவர் வாசலிலேயே நிற்க வைத்து, "என் பிளேட்டு என் குழாய்லதான் பாடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

"அதுவா இது?" என்று கேட்டேன்.

"இதுதான். ஒறைய கையில எடுத்துக் காட்டிட்டுத்தானே இல்லன்னாரு."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை. அந்தத் தோட்டமும் போய், அவரும் மகன் வீட்டோடு போய்விட்டார். இறந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது. செய்தி கேட்டுப் பெரியப்பா மட்டும் பஸ் ஏறிப் போய் வந்திருக்கிறார். பெரியம்மாவிடம்கூடக் காரணம் சொல்லவில்லையாம்.

கைத்தலையை மாட்டினார். நான் செய்யப் போனபோது, இரு என்று கையைத் தடுத்தார். விரல்கள் கொஞ்சம் நடுங்குகின்றன, ஆனால் ஊசியை இறக்கும்போது நடுங்கவில்லை. சரசரப்பு. பிறகு உடுக்கை. பிறகு ஈஸ்வரியம்மாவின் குரல் அடிவயிற்றிலிருந்து கிளம்பி, அப்படியே மேலே ஏறியது. எத்தனையோ தடவை ஆடி மாதத்தில் போனில், காரில் கேட்ட குரல்தான். ஆனால் இந்தப் பெட்டியிலிருந்து வரும்போது அதில் புழுதியும் பந்தலும் இருந்தன. பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஈரக் கையோடு வேலிப் பக்கம் வந்து நின்றுவிட்டார்.

முதல் பாட்டு முடிந்ததும் பெரியப்பா ஊசியைத் தூக்கினார். பிளேயரை மேசையோடு சேர்த்து இழுத்து ஜன்னல் பக்கம் திருப்பினார். வீட்டுக்குப் பின்னால் செம்பனை, அதற்கும் அப்பால் பழைய கீழ் டிவிஷன் இருந்த பக்கம். ஒலியை முழுக்க வைத்தார். திரும்ப முதலிலிருந்து போட்டார்.

இரண்டு பக்கமும் முடிந்த பிறகு நோட்டை எடுத்து வரச் சொன்னார். கடைசி வரி 213, அதன் மை மங்கிவிட்டது. கீழே 214 என்று எழுதினார். நான்கு பாட்டின் முதல் வரிகளையும் ஒவ்வொன்றாக எழுதினார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார்.

"இரவல்" என்று எழுதி, நோட்டை மூடினார்.